நாலரைக்குக் கப்பல்

கப்பல் நாலரைக்குக் கிளம்பிவிடும்.
என் தொழிலில் வேதவாக்கு இது ஒன்றுதான்.
காலை எட்டுக்குப் படியிறங்கி வருகிறவர்களின் கையில்
எட்டரை மணி நேரம் இருக்கிறது.
அதில் அரைமணி கழிப்பறை வரிசைக்கு,
ஒரு மணி என்மேல் வரும் சந்தேகத்துக்கு.

சாந்தோ தொமிங்கோ துறைமுக வாசலில்
சாயம்போன நீலக்குடை ஒன்றின் கீழ்
பத்தொன்பது வருடமாகத்
தீவைத் துண்டு போட்டு விற்கிறேன்.
கிலோமீட்டர் என் வாயில் வராது.
போக்கா சிக்கா முக்கால் மணி,
பொரித்த மீனோடு சேர்த்தால் மூன்று.
பானி மணல்மேடு போக ஒன்றரை, வர ஒன்றரை,
நடுவில் சூடு தாங்காமல் உதறிய செருப்பைத் தேட
இருபது நிமிஷம்.
திமிங்கலம் என்றால் தை, மாசிக் குளிரில் சமானா.
அதற்கு முதல்நாளே வந்து தங்கியிருக்க வேண்டும்.
திமிங்கலம் வராவிட்டால் என்பவர்களுக்கு
ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன்.
பணம் திரும்பாது, சிரிப்பு இலவசம்.

தென்மேற்குக் கோடியில் கழுகுகளின் குடா.
ஆறு மணி நேர ரோடு, அப்புறம் படகு.
எட்டரைக்குள் அடங்காது.
விற்க முடியாததால்
நான் அதைப் பார்த்ததே இல்லை.

யோகாஸ்தாவுக்கு மருந்துக்கடையில்
மூன்றுநாள் விடுமுறை சேர்ந்து வந்தது.
நான் கட்டம் போட்ட தாளில் எழுதினேன்:
ஐந்து மணி புறப்பாடு. ஏழு அசுவா, காபி மட்டும்.
எட்டரை பாராவோனா. ஒன்பது நாற்பது கடலோர வளைவு,
படம் எடுக்கப் பத்து நிமிஷம்.
அவள் மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதினாள்:
தண்ணீர். தொப்பி. டோமினோ பெட்டி.
உன் கைக்கடிகாரம் வேண்டாம்.

கட்டிக்கொண்டுதான் போனேன்.

ரடாமேஸின் ஜீப்
ஏழுக்கு அசுவா வந்தது, காபி மட்டும் என்று
நான் எழுதியதை நம்பாமல்
அங்கேயே ஆவி விட்டு உட்கார்ந்துவிட்டது.
ரேடியேட்டர் குழாய் சான் ஹுவானிலிருந்து வரவேண்டுமாம்.
எப்போது?
பட்டறைக்காரர் எல்பிடியோ வானத்தைப் பார்த்தார்,
அங்கே எழுதியிருப்பது போல.
"வரும்போது வரும்."

வெயில் தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தது.
எதிர்க்கடையில் ஆட்டுக்கறி கொதித்தது.
மலையில் கற்பூரவள்ளி மாதிரி ஏதோ தின்று வளர்ந்த ஆடு,
உள்ளேயே மசாலாவோடு பிறந்தது என்றாள் கடைக்காரி.
ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.
தாளில் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

யோகாஸ்தா கவிழ்த்த டயர்மேல் பலகை போட்டு
எல்பிடியோவையும் பையன்கள் இருவரையும்
டோமினோவில் வென்றுகொண்டிருந்தாள்.
காயை அறைகிற ஒவ்வொரு அறைக்கும்
கோழி ஒன்று இடம் மாறி நின்றது.
நூற்றைம்பது பெசோ ஜெயித்தாள்.
இவ்வளவு சத்தமாக அவள் சிரிப்பாள் என்று
பதினோரு வருடத்தில் எனக்குத் தெரியாது.
ஒருவேளை எட்டரை மணிக்கு மேல்
நான் அவளோடு இருந்ததில்லையோ என்னவோ.

நிழல் ஜீப்பைத் தாண்டியது.
என்னையறியாமல் சொன்னேன்:
"நாலரை. கப்பல் எடுத்திருப்பான்."
காயிலிருந்து கண்ணெடுக்காமல் அவள் சொன்னாள்:
"எடுக்கட்டும். உன் முறை, ஆடு."

குழாய் இருட்டியபின் வந்தது,
ஒருவன் மோட்டார்சைக்கிளில்,
பாம்பைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு.

குடாவைப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள்.
பார்த்தோம், மறுநாள்.
நீலம்.
படகுக்காரன் அதிகம் வாங்கினான்.

நேற்று ஒரு தம்பதி, கையில் வரைபடம்,
விரலை வைத்து நிறுத்திக் கேட்டார்கள்:
அசுவாவில் என்ன இருக்கிறது?
போக ரெண்டு மணி என்று ஆரம்பித்தேன்.
வர ரெண்டு.
நடுவில் எவ்வளவு என்று
கணக்கு வாயில் வரவில்லை.
ஒன்றுமில்லை என்றேன்,
மணல்மேட்டுக்குச் சீட்டு கிழித்துக் கொடுத்தேன்.